ஊசியைத் தொட முதல்: மொடல் விமான எஞ்சின் கேள்வி – பதில்

இம்முறை வந்த கடிதங்கள் பெரும்பாலும் ஒரே விசயத்தைச் சுற்றியவை. 20 முதல் 35 சி.சி. வரையான டூ ஸ்ட்ரோக் பெற்றோல் எஞ்சினை றிமோட் சாகச விமானத்தில் பூட்டி ஒழுங்காக ஓட வைப்பது எப்படி என்று கேட்கிறார்கள். கனடாவிலோ லண்டனிலோ இருக்கும் சொந்தக்காரர் பெட்டியை அனுப்பிவிடுகிறார். உள்ளே இருக்கும் கைநூலோ இரண்டு பக்கம்தான். எழுதியவர்களில் பலர் எல்லாப் பழியையும், பெற்றோல் அளவைக் கூட்டிக் குறைக்கும் காபரேற்றர் ஊசியின் தலையில் போட்டிருக்கிறார்கள். அதனால் ஊசியைப் பின்னுக்கு வைத்துவிட்டு, பூட்டும் வேலையிலிருந்து தொடங்குகிறோம்.

கேள்வி: எஞ்சினை நேராகப் பூட்டக்கூடாது, வலப்புறம் கொஞ்சம் திருப்பிப் பூட்ட வேண்டும் என்கிறார்கள். ஏன்? எவ்வளவு? (கிளிநொச்சி)

பின்னாலிருந்து பார்த்தால் புரொப்பெல்லர் வலஞ்சுழியாகச் சுற்றுகிறது. அது தள்ளும் காற்று உடலைச் சுற்றிச் சுருண்டு போய், நிமிர்ந்த வாலின் இடப்பக்கத்தில் அடிக்கிறது. வால் வலப்புறம் தள்ளப்பட, மூக்கு இடப்புறம் போகும். வேகமாகப் பறக்கும்போது இது பெரிதாகத் தெரியாது. மூக்கை நேரே வானத்துக்கு நிமிர்த்தி முழு த்ரொட்டிலில் ஏற்றிப் பாருங்கள். விமானத்தின் வேகம் விழுந்துகொண்டே போகும், ஆனால் புரொப்பெல்லர் தள்ளும் காற்று குறையாது. அந்த இடத்தில்தான் விமானம் இடப்பக்கம் வளையும்.

சாகச விமானத்துக்கு வலப்புறம் 2 முதல் 2.5 பாகை போதும். கீழ்நோக்கிய சரிவு 0 முதல் 1 பாகை. பழகுநர் விமானத்துக்குச் சொல்லப்படும் 3 பாகைக் கீழ்ச்சரிவை இதற்கு வைக்க வேண்டாம். மேலும் கீழும் ஒரே வளைவுள்ள இறக்கைக்கு அது கூடிப்போகும்.

பாகையை வோசரால் வைக்கலாம். 100 மி.மீ. தூரத்துக்கு 1 பாகை என்பது 1.75 மி.மீ. எஞ்சினின் இடது, வலது போல்ட்டுகளுக்கிடையே 60 மி.மீ. இருந்தால் ஒரு பாகைக்கு ஏறத்தாழ 1 மி.மீ., இரண்டரைப் பாகைக்கு 2.6 மி.மீ. விமானத்தின் பின்னால் நின்று பார்க்கும்போது இடப்பக்கம் வரும் இரண்டு போல்ட்டுகளிலும், எஞ்சின் காலுக்கும் அதைப் பூட்டும் முன்பலகைக்கும் நடுவே வோசர் போக வேண்டும். கீழ்ச்சரிவு வேண்டுமானால் மேல் இரண்டிலும்.

இதோடு வேலை முடிந்ததென்று நினைப்பவர்களுக்கு மூக்கு மூடியைப் போடும்போது விளங்கும்: ஸ்பின்னர் (புரொப்பெல்லரின் நடுவில் பூட்டும் கூம்பு) நடுவில் நிற்காது, வலப்பக்கம் ஒதுங்கி நிற்கும். பலகையிலிருந்து புரொப்பெல்லர் வரை 150 மி.மீ. இருந்தால், 2.5 பாகைக்கு 6.5 மி.மீ. விலகல் வரும். அதனால் துளை போட முதலே எஞ்சினின் நடுக்கோட்டை அந்த 6.5 மி.மீ. இடப்பக்கம் தள்ளிக் குறிக்க வேண்டும். 1 பாகை கீழ்ச்சரிவுக்கு 2.6 மி.மீ. மேலே. பல கிட்களில் பலகையே சரித்து ஒட்டப்பட்டு, தள்ளிய கோடும் கீறப்பட்டிருக்கும். அதைக் கவனிக்காமல் வோசரும் வைத்தால் 5 பாகையில் போய் நிற்கும். முதலில் அளவுங்கள்.

அளக்கப் பாகைமானி தேவையில்லை. புரொப்பெல்லரைப் படுக்கையாக நிறுத்தி, ஒரு நுனியிலிருந்து, நிமிர்ந்த வாலில் சுக்கான் அசையும் கீல்க்கோட்டின் நடுப்புள்ளி வரை நூல் பிடியுங்கள். அதே அலகை அரைச் சுற்றுச் சுற்றி மறுபக்கம் கொண்டுபோய்த் திரும்ப அளவுங்கள். வேறு அலகில் அளந்தால் அலகுகளின் வித்தியாசமும் கணக்கில் சேர்ந்துவிடும். 16 அங்குல புரொப்பெல்லரில் ஒரு பாகைக்கு 7 மி.மீ. வித்தியாசம் வரும். இடப்பக்கம் 17 மி.மீ. அளவில் நீளமாக இருந்தால் உங்கள் இரண்டரைப் பாகை சரி.

கடைசித் தீர்ப்பு வானத்தில்தான். காற்று இல்லாத காலையில், இறக்கை மட்டமாக இருக்கும்போதே மூக்கை நிமிர்த்தி, சுக்கானைத் தொடாமல் ஏற்றுங்கள். இறக்கை சரிந்த நிலையில் நிமிர்த்தினால் வருகிற வளைவு பொய்யானது. இடப்பக்கம் வளைந்தால் இடது போல்ட்டுகளுக்கு அரை மி.மீ. கூட்டுங்கள். வலப்பக்கம் என்றால் குறையுங்கள். சைலன்சரும் சிலிண்டரும் ஒரு பக்கம் தொங்கும் எஞ்சினில் இறக்கைகளின் எடையும் ஒத்திருக்காது. ஸ்பின்னரிலும் சுக்கானின் அடியிலும் பிடித்துத் தூக்கி, எந்த இறக்கை மேலே போகிறதோ அதன் நுனியில் கொஞ்சம் ஈயம் வைத்துச் சமப்படுத்திய பிறகுதான் பாகையைத் திருத்த வேண்டும்.

கேள்வி: எஞ்சின் பூட்டியிருந்த முன்பலகை தரையிறக்கத்தில் பிளந்துவிட்டது. தளபாடக் கடையில் வாங்கிய பிளைவூட்டில் வெட்டிப் போடலாமா? (புதுக்குடியிருப்பு)

வேண்டாம். தளபாடப் பிளைவூட்டின் ஓரத்தைப் பார்த்தால் நடு அடுக்குகளில் வெற்றிடங்கள் தெரியும். போல்ட்டு அந்த இடத்தில் விழுந்தால் இறுக்க இறுக்க அமுங்கும். 6 மி.மீ. பேர்ச் பிளைவூட்தான் இதற்கு உரியது. கிடைக்காவிட்டால் ஓரத்தில் ஒரு ஓட்டையும் இல்லாத மரைன் பிளைவூட்டைத் தேடுங்கள். சிறு துண்டைக் கொதிநீரில் ஒரு மணித்தியாலம் போட்டால் பசையின் தரம் தெரிந்துவிடும். அடுக்குகள் பிரிந்தால் அந்தப் பலகை அலுமாரிக்குத்தான் உதவும்.

ஒட்டுவதற்கு 30 நிமிட எபொக்சி. 5 நிமிட எபொக்சி மரத்துக்குள் ஊற முதல் இறுகிவிடும், சூட்டிலும் இளகும். உள்மூலைகளில் முக்கோணக் கட்டை ஒட்டுங்கள். பிறகு உடலின் பக்கச் சுவர் வழியாகப் பலகையின் ஓரத்துக்குள் 3 மி.மீ. துளை போட்டு, எபொக்சி தடவிய மூங்கில் குச்சிகளை அடியுங்கள், பக்கத்துக்கு நான்கு. பசை விட்டாலும் குச்சி பிடிக்கும். பெற்றோல் ஊறாமல் இருக்க முன்பக்கம் முழுவதற்கும், துளைகளின் உள்ளோரத்துக்கும் மெல்லிய எபொக்சிப் பூச்சு.

பின்பக்கம் வைக்கும் பல் நட்டைச் சுத்தியலால் அடித்து ஏற்ற வேண்டாம், பலகை வெடிக்கும். முன்னாலிருந்து போல்ட்டையும் பெரிய வோசரையும் போட்டு இறுக்கினால் தானாக உள்ளே இழுபடும். நட்டைச் சுற்றி எபொக்சி வைக்கும்போது மரைக்குள் ஒரு துளி ஒயில் விட்டால் பசை உள்ளே பிடிக்காது. பசை காய்ந்ததும் அந்த ஒயிலை நன்றாகக் கழுவித் துடைத்துவிட்டு, போல்ட்டு தளராமல் பிடிக்கும் நீல நிற மரைப்பசை போட்டு இறுக்குங்கள். மரம் அமுங்கும் பொருள் என்பதால் முதல் இரண்டு மூன்று தாங்கி பெற்றோல் ஓடிய பின் எல்லாவற்றையும் திரும்ப இறுக்கிப் பாருங்கள். அலுமினியக் காலைச் சுற்றிக் கறுப்புத் தூள் தெரிந்தால், அந்தப் போல்ட்டு தளர்ந்து உரசுகிறது என்று பொருள்.

கேள்வி: அதிர்வு கூட. எஞ்சினுக்கு அடியில் மோட்டார் சைக்கிள் ரியூப்பை வெட்டி வைத்தால் குறையுமா? (துணுக்காய்)

எஞ்சின் ஆடத் தொடங்கும், நீங்கள் வைத்த பாகையும் ஒவ்வொரு த்ரொட்டிலுக்கும் ஒவ்வொன்றாகும். போதாததற்கு பெற்றோல் பட்டு ரியூப் ஊதும். அதிர்வைப் பிறக்கும் இடத்தில் குறையுங்கள்: புரொப்பெல்லரைச் சமப்படுத்துங்கள். பாரமான அலகின் பின்பக்கத்தைத் தேய்த்து, மரமென்றால் திரும்ப வார்னிஷ் பூசுங்கள். துளையைக் கையால் பெருப்பிக்காமல் வழிகாட்டி வைத்துத் துளையுங்கள். நடு தவறிய துளையை எந்தச் சமப்படுத்தலும் காப்பாற்றாது.

கேள்வி: சைலன்சர் போல்ட்டு ஒவ்வொரு பறப்பிலும் கழருகிறது. மரைப்பசை போட்டும் நிற்கவில்லை. (மாங்குளம்)

நீல மரைப்பசை 150 செல்சியஸ் அளவிலேயே பலம் இழந்துவிடும். சைலன்சர் அடி அதைவிடச் சூடு. இரண்டு முகங்களையும் கண்ணாடி மேல் மணல்தாள் வைத்துத் தட்டையாகத் தேய்த்து, உலோகக் கஸ்கட்டும், மோட்டார் சைக்கிள் கடையில் விற்கும் சூடு தாங்கும் சிலிக்கனும் மெல்லிதாக வைத்து இறுக்குங்கள். எஞ்சின் சூடாக ஓடி ஆறிய பின் ஒருமுறை, அடுத்த நாள் ஒருமுறை இறுக்குங்கள். பல் பூட்டு வோசர் கிடைத்தால் தலைவலி தீர்ந்தது. சைலன்சர் நீளமாகப் பின்னோக்கிப் போனால் அதன் நுனிக்கும் ஒரு தாங்கல் வேண்டும், ஆனால் அது விறைப்பாக இருக்கக்கூடாது.

கேள்வி: ஐந்து நிமிடம் நன்றாகப் பறக்கிறது. பிறகு மேலே ஏறும்போது பலம் விழுகிறது. ஊசியைத் திறந்தும் பார்த்தோம், சரிவரவில்லை. (ஒட்டுசுட்டான்)

இதே கேள்வி வேறு இரண்டு கடிதங்களிலும் இருக்கிறது. சித்திரை வெயிலில் பறப்பவர்கள் எல்லாருக்கும் வரும்.

முதலில் சூடா, தாங்கியா என்று பிரியுங்கள். பலம் விழுந்ததும் இறக்கி, எஞ்சின் ஓடும்போதே யாரையாவது வாலைப் பிடிக்கச் சொல்லிவிட்டு, பின்னாலிருந்து எட்டி எரிபொருள் நிரப்பும் மூடியைத் திறவுங்கள். உடனே பலம் திரும்பினால் தாங்கியின் காற்றுக்குழாய் அடைபட்டிருக்கிறது. வன்னியில் அதற்கு முதல் சந்தேகநபர் குளவி. இரண்டு கிழமை தொங்கவிட்ட விமானத்தின் குழாய்க்குள் மண் அப்பிவிடும். மாற்றம் இல்லையென்றால் சூடுதான்.

மூக்கு மூடியின் வாயைப் பெருப்பிப்பது எல்லாரும் செய்யும் வேலை, பலன் இல்லாத வேலை. உள்ளே போன காற்று வெளியே போக வழியில்லாவிட்டால் புதிய காற்று வராது. வெளியேறும் வழி, உள்ளே வரும் வாயைவிட இரண்டு முதல் மூன்று மடங்கு பரப்பில் இருக்க வேண்டும். அதை மூடியின் அடியில், பின்னோரத்தில் வெட்டுங்கள். வெட்டின் முன்னோரத்தில் கீழ்நோக்கி ஒரு சிறு உதடு வைத்தால் ஓடும் காற்றே உள்ளிருப்பதை உறிஞ்சி எடுக்கும்.

இரண்டாவது, தடுப்பு. காற்று எப்போதும் சுலபமான வழியால்தான் போகும். சிலிண்டரின் துடுப்புகளுக்கிடையே நெருக்கிப் போவதைவிடப் பக்கத்து வெளியால் போய்விடும். மூடியின் உள்ளே 3 மி.மீ. பல்சா பலகையில் சுவர் கட்டி, சிலிண்டரின் வடிவத்துக்கு வெட்டி, துடுப்பிலிருந்து 3 மி.மீ. அளவு மட்டும் இடைவெளி விடுங்கள். எபொக்சி பூசுங்கள். சிலிண்டர் இல்லாத பக்கத்து வாயை முழுதாக அடைத்துவிடலாம். அடைத்தால் சூடு கூடும் என்று பயப்படுகிறார்கள். உண்மையில் குறையும்.

நிலத்தில் மூடி போட்டபடி நீண்ட நேரம் ஓட்டுவதும் கெடுதல்தான். ஊசி பிடிக்கும் வேலையை மூடியைக் கழற்றிவிட்டுச் செய்யுங்கள்.

கேள்வி: எங்களிடம் வெளியிணைப்பு இயந்திரத்துக்கு விடும் டூ ஸ்ட்ரோக் ஒயில் நிறைய இருக்கிறது. அதையே கலக்கலாமா? எவ்வளவு? (முல்லைத்தீவு)

கலக்க வேண்டாம். படகு எஞ்சின் கடல் நீரால் குளிர்வது. அதன் ஒயில் தகரத்தில் டி.சி.டபிள்யூ.3 என்று இருக்கும், குளிர்ந்த எஞ்சினுக்கென்றே செய்தது. காற்றால் குளிரும் சிறிய எஞ்சினின் சூட்டில் அது போதிய காப்புத் தராது. பிஸ்டன் வளையம் ஒட்டிக்கொள்ளும். தகரத்தில் ஜே.ஏ.எஸ்.ஓ. எஃப்.சி. அல்லது எஃப்.டி. என்று இருப்பதை வாங்குங்கள். புல்வெட்டும் இயந்திரம் விற்கும் கடைகளில் கேளுங்கள். படகுக்கு மண்ணெண்ணெய் கலக்கும் பழக்கத்தையும் இங்கே கொண்டுவர வேண்டாம்.

புது எஞ்சினுக்கு முதல் நான்கைந்து லீற்றர் வரை 30க்கு 1: ஒரு லீற்றர் பெற்றோலுக்கு 33 மி.லீ. சாதாரண மினரல் ஒயில். வளையம் சிலிண்டருக்குப் பழகுவதற்கு முழுச் செயற்கை ஒயில் அவ்வளவு நல்லதல்ல. பிறகு எஞ்சின் செய்தவர் சொன்ன அளவு. 40க்கு 1 என்றால் 25 மி.லீ. ஊசி மருந்துச் சிரிஞ்சால் அளவுங்கள், போத்தல் மூடிக் கணக்கு வேண்டாம். 92 ஒக்டேன் பெற்றோலே போதும். கலந்ததை ஒரு மாதத்துக்கு மேல் வைக்க வேண்டாம். ஒயில் அளவை மாற்றினால் ஊசியையும் திரும்பப் பார்க்க வேண்டும், ஏனென்றால் ஒயில் கூடினால் அதே ஊசித் துளையால் போகும் பெற்றோல் குறைகிறது.

கேள்வி: காபரேற்றருக்குப் போகும் குழாயில் குமிழ் வருகிறது. சில நேரம் பெற்றோல் இழுக்கவே இல்லை. (மல்லாவி)

சிலிக்கன் குழாய் போட்டிருந்தால் இப்போதே கழற்றி எறியுங்கள். அது மெதனோல் எஞ்சினுக்கு உரியது, பெற்றோலில் ஊதி வழுக்கிக் கழரும். மஞ்சள் நிற டைகன் குழாய் வாங்குங்கள். தாங்கியின் அடைப்பான் றப்பரும் பெற்றோலுக்கு உரியதாக இருக்க வேண்டும். பித்தளைக் குழாயின் நுனியைச் சுற்றிச் செப்புக் கம்பியால் ஒரு வளையம் ஈயப்பற்று வைத்தால் டைகன் வழுக்காது. தாங்கியின் உள்ளே, பெற்றோல் உறிஞ்சும் குழாயின் நுனியில் இருக்கும் பாரக் குண்டு பின்சுவரில் முட்டாமல் 5 மி.மீ. தள்ளி, தாங்கியைத் தலைகீழாகப் பிடித்தாலும் தடையின்றி விழ வேண்டும். காலப்போக்கில் அந்த உள்குழாய் விறைத்துப்போகும். குட்டிக்கரணத்தில் எஞ்சின் நிற்பதற்கு இது ஒரு பெரிய காரணம்.

20 சி.சி.க்கு 300 முதல் 350 மி.லீ. தாங்கி போதும். இந்தக் காபரேற்றருக்குள்ளேயே பம்பு இருப்பதால் தாங்கியை எஞ்சினோடு ஒட்டி வைக்கத் தேவையில்லை. சமநிலைப் புள்ளிக்கு மேலே வைத்தால், பெற்றோல் குறையக் குறைய விமானத்தின் சமநிலை மாறாது.

பெற்றோல் இழுக்கவே இல்லையென்றால் கஸ்கட்டைப் பாருங்கள். எஞ்சின் பெட்டிக்குள் ஏறி இறங்கும் அழுத்தம் ஒரு சிறு துளை வழியாக வந்துதான் பம்பின் சவ்வை அசைக்கிறது. காபரேற்றரைக் கழற்றிப் பூட்டும்போது கஸ்கட்டை மறுபுறம் திருப்பிப் போட்டால் அந்தத் துளை மூடிவிடும். அதன் பிறகு ஊசியை எத்தனை சுற்றுத் திறந்தாலும் ஒரு துளி வராது.

கேள்வி: எஞ்சின் ஓடும்போது மட்டும் சேர்வோக்கள் (சுக்கான், த்ரொட்டில் போன்றவற்றை அசைக்கும் சிறு மோட்டார்கள்) துடிக்கின்றன. (வவுனியா)

பிளக் மூடியை முழுதாக அழுத்துங்கள். அதன் உலோக வளையம் பிளக்கின் அறுகோணத்தை இறுகப் பிடிக்காவிட்டால் கம்பிக் கவசம் வேலை செய்யாது. தீப்பொறிப் பெட்டிக்கு தனிப் பற்றரி. அதன் அளவைப் பெட்டியில் பார்த்து வாங்குங்கள், 6 வோல்ட்டுக்கு மேல் தாங்காத பழைய பெட்டிகளும் உண்டு. அந்தப் பெட்டி, அதன் பற்றரி, ஆளி எல்லாம் றிசீவரிலிருந்து 30 செ.மீ. தள்ளி. த்ரொட்டிலுக்குக் கம்பி போடாமல் பிளாஸ்திக் அல்லது மரத் தண்டு போடுங்கள். உலோகம் உலோகத்தில் உரசும் இணைப்பு எங்கும் இருக்கக்கூடாது. விமானத்தைக் கட்டிவைத்து எஞ்சினை ஓடவிட்டு, கையிலுள்ள றிமோட்டை அணைத்துப் பாருங்கள். எஞ்சின் நிற்க வேண்டும். நிற்காத விமானத்தை யாரும் மைதானத்துக்குக் கொண்டுவரக்கூடாது.

கேள்வி: ஊசிகள் இரண்டையும் எப்படிப் பிடிப்பது? (நெடுங்கேணி)

எஞ்சினுக்குக் கிட்ட இருப்பது குறைந்த வேகத்துக்கு, தள்ளியிருப்பது முழு வேகத்துக்கு. இரண்டையும் மெதுவாக மூடி, ஆளுக்கு ஒன்றரைச் சுற்றுத் திறவுங்கள். கைநூலில் வேறு அளவு இருந்தால் அதுதான் சரி. மூடும்போது இறுக்கினால் ஊசி நுனி பள்ளமாகிவிடும், பிறகு அந்தக் காபரேற்றர் சொல் கேட்காது.

வாலை ஒருவர் பிடிக்க வேண்டும் அல்லது கட்ட வேண்டும். புரொப்பெல்லர் சுழலும் தளத்தில், அதாவது அதன் இரு பக்கத்திலும், ஒருவரும் நிற்கக்கூடாது. தடித்த தோல் கையுறை போடுங்கள். ஊசியைத் திருப்புவது எப்போதும் பின்னாலிருந்து.

சூடாகும் வரை ஓட்டிவிட்டு முழு த்ரொட்டிலுக்குப் போங்கள். முழுவேக ஊசியை எட்டில் ஒரு சுற்றாக மூடிக்கொண்டு வந்தால் வேகம் ஏறும், ஓரிடத்தில் நிற்கும், பிறகு தொய்யும். எஞ்சின் வேகம் உச்சத்திலிருந்து நிமிடத்துக்கு 200 அல்லது 300 சுற்று குறையும் வரை திரும்பத் திறந்து அங்கே விடுங்கள். அடுத்து, த்ரொட்டிலை மெதுவோட்டத்துக்குக் கொண்டுவந்து பத்து விநாடி விட்டுச் சட்டென்று திறவுங்கள். விக்கிப் புகைத்துப் பிறகு ஏறினால் பெற்றோல் கூட, குறைந்தவேக ஊசியைக் கொஞ்சம் மூடுங்கள். சத்தமில்லாமல் பட்டென்று நின்றால் பெற்றோல் குறைவு, திறவுங்கள். இந்த ஊசியால் முழு வேகத்திலும் பெற்றோல் போவதால், மாற்றிய பின் முழுவேக ஊசியைத் திரும்பப் பாருங்கள். மெதுவோட்டம் நிமிடத்துக்கு 1,600 முதல் 1,800 சுற்று.

சூடான காற்று அடர்த்தி குறைந்தது. அதனால் மத்தியான வெயிலில் மூடிப் பிடித்த ஊசி, மார்கழி விடியலின் குளிர்க்காற்றில் பெற்றோல் குறைவாகக் காட்டும். பறக்கப்போகும் நேரத்திலேயே ஊசி பிடியுங்கள். சாகசத்துக்கு 20 சி.சி.யில் 17 அங்குலம், 6 பிட்ச் (ஒரு சுற்றில் முன்னேறும் அங்குலக் கணக்கு) புரொப்பெல்லர் நல்லது. புரொப்பெல்லரை மாற்றினால் ஊசியும் மாறும்.

கேள்வி: அறுவடை முடிந்த வயலில் பறக்க விடலாமா? அனுமதி வேண்டுமா? (பூநகரி)

வேண்டும். இலங்கை சிவில் விமான சேவைகள் அதிகாரசபையிடம் எந்த நிபந்தனை இப்போது நடைமுறையில் இருக்கிறது என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். முகாம், விமானத்தளப் பக்கம் போகவே வேண்டாம். கிராம அலுவலருக்கும் அயலுக்கும் முன்கூட்டியே சொல்லுங்கள். வானத்தில் எஞ்சின் சத்தம் கேட்டால் எங்கள் ஊரில் பெரியவர்களின் நெஞ்சு ஏன் திடுக்கிடும் என்பதை உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. வயலில் வரம்பும் ஒட்டு நெல்லுத் தாளும் புரொப்பெல்லரை முறிக்கும், ஓடுவதற்கு 60, 70 மீற்றராவது செதுக்கித் தட்டையாக்குங்கள். சோளகம் எழும்ப முதல், காலை ஏழு மணிக்குள் முடித்துவிடுவது நல்லது.

கேள்வி: மாரி முழுக்கப் பறக்க முடியாது. தை மாதம் எடுத்தால் எஞ்சின் பிடிக்குதில்லை. (விசுவமடு)

காபரேற்றரின் றப்பர்ச் சவ்வு விறைத்திருக்கும். வைக்கும்போது தாங்கியை வெறுமையாக்கி, எஞ்சின் தானாக நிற்கும் வரை ஓடவிட்டு, பிளக் துளையால் நான்கைந்து துளி ஒயில் விட்டுக் கையால் சுற்றுங்கள். விறைத்த சவ்வை மாற்றத்தான் வேண்டும். இதே வகைக் காபரேற்றர்தான் பல புல்வெட்டும் இயந்திரங்களிலும் இருக்கிறது. பழைய சவ்வைக் கையில் கொண்டுபோய்த் துளைகளை ஒன்றின் மேல் ஒன்று வைத்துப் பார்த்து வாங்குங்கள். மூடியைத் திறந்ததோடு உள்ளே இருக்கும் சிறு வலையையும் பாருங்கள், செம்மண் தூசி அங்கேதான் சேரும். ஊசியால் குத்தாமல் பெற்றோலில் கழுவி ஊதிவிடுங்கள்.